பசை என்ற சொல்லும் ஒரு கையொப்பமும்

"இந்தப் பசை வைத்தியத்தில் ஆபத்து ஏதும் இல்லையா, சேர்?" என்று சென்ற மாதம் கல்முனைச் சந்தைக்கு அருகில் என்னை மறித்து ஒருவர் கேட்டார். என்னிடம் கற்றவர், இப்போது தாமும் ஓர் ஆசிரியர். அவருடைய தாயாருக்கு இரைப்பையில் நாளங்கள் புடைத்து இரத்தம் கசிந்திருக்கிறது. குழாய்க் கருவியை வாய்வழியே செலுத்திப் பசை ஏற்றவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இலக்கணமும் யாப்பும் கற்பிக்கும் ஒருவனிடம் வந்து இதைக் கேட்பானேன் என்று வாசகர் வியக்கலாம். காரணம் உண்டு. இவ்விஷயத்தில் நான் இழைத்த பிழை எங்கள் பகுதியில் பலருக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் கணவர் மருதமுனையில் கைத்தறி நெய்து காலங்கழித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மஃரிப் தொழுதுவிட்டு வீடு திரும்பியவர் முற்றத்தில் குந்தியிருந்து இரத்தமாக வாந்தியெடுத்தார். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். மருந்து ஏற்றினார்கள், இரத்தம் நின்றது. கருவி விட்டுப் பார்த்ததில் இரைப்பையின் மேல்வளைவில் திராட்சைக் குலைபோல் நாளங்கள் புடைத்திருப்பது தெரிந்தது. மறுபடி உடையுமுன் பசை ஏற்றிவிடவேண்டும் என்றார்கள். கையொப்பம் இடுவதற்கு ஒரு படிவம் வந்தது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. இளம் வைத்தியர் இரவு முழுதும் கண்விழித்தவர்; தமிழ் அறியாதவர். அவர்மீது எனக்கு இன்றும் குறையில்லை. என் தங்கை படிவத்தை என் கையில் தந்து, "வாசிச்சுச் சொல்லுங்க காக்கா" என்றாள்.

வாசித்தேன். பண்டிதனுக்குரிய முறையிலேயே வாசித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரான தமிழ்ச் சொல் தேடிப் பிசகில்லாமல் மொழிபெயர்த்தேன். பசை சுவாசப்பைக்குச் செல்லலாம், மூளைக்குச் செல்லலாம், மண்ணீரலை அடைக்கலாம், குருதி நஞ்சாகலாம், ஊசி நாளத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம், மரணம் சம்பவிக்கலாம். மொழிபெயர்ப்பில் ஒரு வழுவும் இல்லை. "மனிசன்ட வயித்துக்குள்ள பசையா, காக்கா? கதிரை ஒட்டுற பசையா?" என்று கேட்டாள் தங்கை. "ஏறத்தாழ அதன் இனந்தான்" என்றேன். அதுவும் பொய்யன்று. அன்று மாலையே அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் இரவு நாளம் மறுபடி உடைந்தது. அந்த இரவை இங்கே விவரிக்க எனக்கு மனமில்லை. வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில், உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த வேளையில், அதே பசையை ஏற்றித்தான் அவரைக் காப்பாற்றினார்கள். நிதானமாக நடந்திருக்கவேண்டிய ஒரு சிகிச்சையை, இரத்த வெள்ளத்துக்கு நடுவே நடக்கவேண்டிய ஒன்றாக ஆக்கியது என் மொழிபெயர்ப்பு. அன்றிலிருந்து இதைப் பற்றி அறியக்கூடியதை எல்லாம் அறிந்துகொள்ள முயன்றேன். வைத்தியர்களான என் மாணவர்கள் இருவர் பொறுமையோடு எனக்குப் பாடம் சொன்னார்கள்.

எங்கள் கரையோரத்து வயற்காரருக்கு இந்நோயை விளக்குவது எளிது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தமெல்லாம் ஈரல் வாயினாளம் என்ற பெருவாய்க்கால் வழியே ஈரலுக்குள் பாய்கிறது. ஈரல் நெடுநாள் நோயால் தழும்பேறி இறுகிவிட்டால் அவ்வாய்க்காலில் நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. தேங்கிய நீர் சும்மா நிற்குமா? பக்கத்துச் சிறு வாய்க்கால்களில் ஏறி அவற்றை வீங்கச் செய்கிறது. களம் எனப்படும் உணவுக் குழாயின் அடியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய நாளங்களே இவ்வாறு புடைப்பவை. வரம்பு எங்கே நொய்ந்திருக்கிறதோ அங்கே உடைகிறது. சிலருக்கு இத்தேக்கநீர் தானாகவே ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டு இடச் சிறுநீரக நாளத்தில் போய் விழுவதும் உண்டு. இக்குறுக்கு வாய்க்காலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பசை சுவாசப்பைக்கு ஓடும் ஆபத்து பெரும்பாலும் இதன் வழியாகவே வருகிறது.

தில்லியில் சரீன் என்னும் ஈரல் வைத்திய நிபுணரும் அவருடைய குழுவினரும் 568 பிணியாளரை நெடுங்காலம் கவனித்து 1992இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இவ்வழுத்த நோய் உள்ளவரில் ஐவரில் ஒருவருக்கு இரைப்பையிலும் புடைப்பு இருந்தது. களத்துப் புடைப்பைக் காட்டிலும் இது குறைவாகவே உடைகிறது. உடைந்தாலோ பெருக்கு அதிகம். இரைப்பை நாளப் புடைப்பை அவர்கள் வகுத்த நான்கு வகையாகவே உலகெங்கும் இன்று எடுத்துரைக்கிறார்கள். களத்துப் புடைப்புக்கு இறப்பர் வளையம் மாட்டிக் கட்டிவிடலாம். இரைப்பை மேல்வளைவில் உள்ளவையோ பருத்தவை, ஆழத்தில் ஓடுபவை. வளையம் நாளம் முழுவதையும் பற்றாது. கட்டு விழுந்த இடத்துப் புண்ணே பெருக்கெடுக்கக்கூடும். ஆகவேதான் பசை.

இப்பசையின் வரலாறு விந்தையானது. 1942இல், உலகப் போர்க்காலத்தில், துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடிய ஹரி கூவர் என்ற அமெரிக்க இரசாயனர் ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனத்தில் சயனோஅக்ரிலேற் என்ற பொருளோடு பாடுபட்டார். தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டதால் பயனற்றதென்று தள்ளிவைத்தார். 1951இல் வேறோர் ஆராய்ச்சியில் அதே தொல்லை திரும்ப வந்தபோதுதான், அத்தொல்லையே அதன் பெறுமதி என்று உணர்ந்தார். 1958இல் அது கடைக்கு வந்தது. பின்னர் வியட்நாம் போரில் காயமுற்ற வீரரின் இரத்தப்போக்கை நிறுத்த இவ்வினப் பசையைத் தெளித்தார்கள். என் தங்கை கேட்ட கதிரைப் பசை இதன் நெருங்கிய உறவுதான். ஆனால் நாளத்துக்குள் ஏற்றப்படுவது இக்குடும்பத்தில் வேறோர் உறுப்பு. பியூட்டில் சயனோஅக்ரிலேற் என்பது அதன் பெயர். உடலின் இழையங்களை அவ்வளவாக வருத்தாதது. இந்த வேறுபாட்டை அன்று நான் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாதிருந்தது. தெரியாததை ஒரு தலையசைப்பால் தெரிந்ததுபோலக் காட்டிக்கொண்டேன். ஆசிரியத் தொழிலில் இப்பழக்கம் மெல்ல மெல்ல ஏறிவிடுகிறது.

இரைப்பை நாளத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் இந்தோனேசியாவிற் பிறந்து ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் பணிபுரிந்த நிப் சுஹேந்திரா என்ற சத்திர வைத்தியர். அவரும் அவருடைய குழுவினரும் 1986இல் அம்முறையை எழுதி வெளியிட்டார்கள். இரத்தத்தைத் தொட்ட சில விநாடிகளில் பசை இறுகிக் கல்லாகிறது. புடைத்த நாளம் உள்ளிருந்தே அடைபடுகிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ அக்கல் இரைப்பைக்குள் உதிர்ந்து வெளியேறிவிடும். மிக விரைந்து இறுகிவிடாதிருக்கவும், எக்ஸ்ரே படத்தில் தெரியவும் லிப்பியோடோல் என்ற அயடீன் சேர்ந்த எண்ணெயைக் கலப்பது வழக்கம். 0.5 மில்லிலீற்றர் பசைக்கு 0.8 மில்லிலீற்றர் எண்ணெய் என்பது பலர் கையாளும் அளவு. அவ்வெண்ணெய் கசகசா விதையிலிருந்து எடுக்கப்படுவது. நோன்புக் காலத்துச் சர்பத்தில் நாம் மிதக்கவிடும் கசகசா வேறு. அது துளசியினத்தின் விதை. சொற்கள் இப்படித்தான் ஊருக்கு ஊர் ஆளை ஏமாற்றுகின்றன.

இனி ஆபத்துக்கு வருவோம். எண்ணெய் மிகுந்தால் பசை இறுகத் தாமதிக்கும். இறுகுமுன் இரத்தத்தோடு ஓடினால் முன் சொன்ன குறுக்கு வாய்க்கால் வழியே இருதயத்தின் வலப்பக்கம் சென்று சுவாசப்பையில் அடையும். நான்கில் ஒருவருக்கு, பிறப்பிலிருந்தே மூடாத சிறு துளை ஒன்று இருதயத்தின் மேலறைகளுக்கிடையே இருப்பதுண்டு. அதன் வழியே இடப்பக்கம் புகுந்தால் மூளைக்கும் செல்லலாம். எண்ணெய் குறைந்தாலோ ஊசி முனையிலேயே பசை இறுகி நாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். பல இலட்சம் ரூபாய் பெறும் கருவியும் பாழாகும். கல் காலத்துக்கு முன்னே உதிர்ந்தால் அப்புண்ணிலிருந்து இரத்தம் பாயும். கிருமி தொற்றினால் குருதி கெடும். ஆக, படிவத்தில் இருந்தவை யாவும் உண்மையே. எவ்வளவு என்பதுதான் அதில் இல்லை.

சீனத் தலைநகர் பெய்ஜிங்கின் ஓர் ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சை பெற்ற 753 பேரின் விவரம் 2010இல் வெளியாயிற்று. கல் முந்தி உதிர்ந்து இரத்தம் போனவர் 33 பேர். குருதியில் கிருமி ஏறியவர் 10 பேர். பசை தூரத்து உறுப்புக்குச் சென்றது 5 பேருக்கு: மூவருக்கு மண்ணீரலில், ஒருவருக்குச் சுவாசப்பையில், ஒருவருக்கு மூளையில். சிகிச்சையின் கேட்டினாலேயே இறந்தவர் ஏறத்தாழ 200இல் ஒருவர். அது பழகிய கைகள் நிறைந்த இடம் என்பதையும் மறக்கலாகாது. ஆண்டுக்கு ஓரிரு தடவை மட்டும் இதைச் செய்யும் இடத்தில் கணக்கு இவ்வளவு நல்லதாக இராது என்று எண்ணவே இடமுண்டு.

இதற்கு எதிர்த்தட்டில் எதை வைப்பது? வீட்டுக்குத் திரும்பிச் செல்வதை வைக்கவேண்டும். அன்று ஒருவரும் அதை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. சரீன் குழுவினர் 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இரைப்பை நாளம் ஒருமுறை உடைந்து நின்ற 67 பேரை இரு கூறாக்கியது. ஒரு கூறுக்குப் பசை. மற்றதற்கு அழுத்தம் தணிக்கும் மாத்திரை. இரண்டாண்டளவு கவனித்ததில் பசை பெற்றவரில் 100க்கு 15 பேருக்கே மறுபடி இரத்தம் போயிற்று. மாத்திரை பெற்றவரிலோ 100க்கு 55 பேருக்கு. இறந்தவர் முறையே 100க்கு 3 பேரும் 25 பேரும். என் மைத்துனர் அந்த மாத்திரை கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தவர். நான் வாசித்த பட்டியலில் 'மரணம் சம்பவிக்கலாம்' என்ற வரி பசையின் பக்கத்தில் மட்டும் இருந்தது. மறுபக்கம் வெறுமையாய் இருந்ததால், அப்பக்கம் ஆபத்தே இல்லாததுபோல் தோன்றிவிட்டது.

ஆதலால் என் மாணவருக்கு நான் சொன்ன விடை இது: ஆபத்து உண்டு, தம்பி, ஆனால் செய்யாமல் விடுவதிலுள்ள ஆபத்துக்கு முன் அது சிறிது, செய்பவர் கை பழகியதா என்பதைப் பொறுத்து அது இன்னும் சிறுக்கும். கூடுமானால் முன்னரே படமெடுத்துக் குறுக்கு வாய்க்கால் உண்டா, எவ்வளவு அகலம் என்று பார்த்துக்கொள்வது நன்று. ஒரு குத்துக்கு 1 மில்லிலீற்றர் அளவோடு நிறுத்துவது நன்று. இப்போது சில நாடுகளில் ஒலியலைக் கருவியால் நாளத்தைப் பார்த்துக்கொண்டே முதலில் மெல்லிய உலோகச் சுருளை உள்ளே வைத்து, அதன்மேல் பசை விடுகிறார்கள். சுருளில் பசை பற்றிக்கொள்வதால் ஓடிப்போவது குறையும் என்பது எண்ணம். குறுக்கு வாய்க்கால் வழியே புகுந்து அதையே அடைக்கும் முறையும் ஜப்பானில் வளர்ந்திருக்கிறது. இவையெல்லாம் எங்கள் கரைக்கு வரும்வரை உடைந்த நாளம் காத்திராது.

வைத்தியர் சிலரிடம் இதைப் பேசியபோது, "பார்த்தீர்களா, பிணியாளருக்கு எல்லாவற்றையும் சொன்னால் இப்படித்தான் பயந்து ஓடுவார்கள், சொல்லாமல் விடுவதே நல்லது என்பதற்கு நீங்களே சாட்சி" என்றார் ஒருவர். இக்கூற்றை நான் ஏற்கவில்லை. என் தங்கை பயந்தது உண்மையைக் கேட்டதனால் அன்று. அளவில்லாத உண்மையைக் கேட்டதனால். 753 பேரில் ஒருவருக்கு மூளையில் என்று நான் சொல்லியிருந்தால் அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருப்பாள். தறிக்குப் பாவு எண்ணும் குடும்பத்துப் பெண்ணுக்கு எண் புரியாதா? எண்ணைச் சொல்லும் பொறுப்பு மொழிபெயர்ப்பவனுக்கு இல்லை என்று நான் நினைத்ததே பிழை. அந்த எண் படிவத்தில் இல்லாதது இன்னொரு பிழை. அது அச்சடித்தவர்களுடையது.

தமிழில் இதைச் சொல்ல முடியாது என்பாரும் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் நடத்திய அமெரிக்கர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். உடலமைப்பும் இரணவைத்தியமும் அவருடைய முயற்சியால் தமிழ் நூல்களாயின. கல்முனைக்குச் சற்றுத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், யாழ் நூல் எழுதிய கைகளாலேயே 1930களில் சென்னையில் அறிவியற் கலைச்சொல்லாக்கத்துக்கும் தலைமை தாங்கினார். நாளம், நாடி, களம் என்ற சொற்களை இன்று எங்கள் பாடசாலைச் சிறுவர் பரீட்சைக்கு எழுதுகிறார்கள். 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. சொல் இல்லாமல் இல்லை. இரத்தம் வாந்தியெடுத்தவரின் கட்டிலருகே அச்சொல் வந்து சேராததுதான் குறை.

இன்னொரு சொல்லையும் இங்கே குறிப்பிடவேண்டும். அதை எழுதப் பேனை தயங்குகிறது. ஈரல் கெட்டது என்றவுடன் எங்கள் ஊர்களில் எழும் முதற் கேள்வி, "ஒளித்துக் குடித்தாரோ?" என்பது. மதுவைத் தொடாதவன் தன் வாழ்நாள் ஒழுக்கத்துக்கு மரணப் படுக்கையில் சாட்சி தேட வேண்டியிருக்கிறது. என் மைத்துனர் வாந்தியெடுத்த அன்று மாலை அயலாருக்குத் தெரியாமல் முற்றத்தைக் கழுவிவிட்டுத்தான் வாகனம் பிடிக்கப் போனார்கள். அரைமணி நேரம் அதில் போயிற்று. றாகமையில் 2007இல் தொடங்கிய ஆய்வொன்று, மதுவோடு தொடர்பின்றி ஈரலிற் கொழுப்புப் படிதல் அங்குள்ள வளர்ந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருப்பதைக் காட்டியது. சீனி நோயும் தொப்பையும் உள்ள வீடுகளில் இது வளர்கிறது. அவர்களில் ஒரு சிலருக்கு ஆண்டுகள் செல்ல ஈரல் இறுகிவிடுகிறது. கந்தூரிச் சோறும் வட்டிலப்பமும் செய்வதை மதுவின் கணக்கில் எழுதுவது அநியாயம். இப்பழிக்கு அஞ்சி மறைப்பதனால் போகும் உயிர்கள், பசை ஓடிப்போவதனால் போகும் உயிர்களைவிட அதிகம் என்பது என் துணிபு.

மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறுகளின் கூட்டாகக் கண்டார். பிணியாளனுக்கு அருகிருந்து பேணுபவனும் அவற்றில் ஒரு கூறு. அந்த அதிகாரத்தை எத்தனையோ ஆண்டுகள் கற்பித்தவன் நான். அருகிருப்பவனின் வேலை கஞ்சி கொடுப்பது என்றே பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லி வந்தேன்.

மைத்துனர் இன்றும் இருக்கிறார். மூன்று தடவை கருவி விட்டுப் பார்த்தார்கள்; ஒரு தடவை இன்னுங் கொஞ்சம் பசை ஏற்றினார்கள். தறியில் உட்காரும் பலம் இல்லை. திண்ணையில் இருந்து நூல் சுற்றுகிறார். என் வைத்திய மாணவர் இருவரும் திருத்தித் தர, இச்சிகிச்சையைப் பற்றி ஒரு பக்கத்தில் தமிழில் எழுதினேன். பசை என்பது எது, எத்தனை பேருக்கு என்ன நேர்ந்தது, செய்யாவிட்டால் எத்தனை பேருக்கு என்ன நேர்கிறது, வைத்தியரிடம் கேட்கவேண்டியவை எவை என்பன அதில் உண்டு. முதலில் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். 'உறைபசைத் துணுக்கம்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, "பசைக் கட்டி என்று எழுதுங்க காக்கா" என்றாள். வெட்டிவிட்டு அவ்வாறே எழுதினேன்.

சந்தையருகே என்னை மறித்த மாணவரிடம் அப்பக்கத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்தேன். அவருடைய தாயார் எழுத்தறிவு அதிகம் இல்லாதவர். மகன் வாசிக்கக் கேட்டிருக்கிறார். மறுநாள் வைத்தியர் கட்டிலருகே வந்தபோது, மகன் வாய் திறக்குமுன் அந்த அம்மையாரே, "குறுக்கு வாய்க்கால் இருக்கா எண்டு படத்துல பாத்தீங்களா, மகன்?" என்று கேட்டாராம். தமிழ் தெரிந்த வைத்தியர் அவர். சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு, படமெடுக்க எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே எடுத்தார்கள். வாய்க்கால் இருந்தது, ஒடுங்கியதுதான். அடுத்த நாள் காலை பசை ஏற்றினார்கள். எத்தனை மில்லிலீற்றர் என்பதையும் அவர் கேட்டு, மகனைக்கொண்டு அப்பக்கத்தின் பின்புறத்தில் குறித்து வைத்திருக்கிறார்.